வீடு கட்டும் இடத்தில் ஹெல்மெட், பெல்ட் நாமே வாங்கித் தரலாமா?

மேடவாக்கம்வாசி:
மேடவாக்கத்தில் அரை கிரவுண்டில் தரைத்தளமும் முதல் மாடியும் கட்டிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் வெளிப்பூச்சு வேலையில் ஒரு கொத்தனார் சாரத்திலிருந்து சறுக்கி மணல் குவியலில் விழுந்தார். கை பிசகியதோடு போயிற்று. எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது. சவுக்குக் கம்பில் கயிறு கட்டிய சாரம், நிற்க ஒற்றைப் பலகை, காலில் ரப்பர் செருப்பு. மேஸ்திரியிடம் சொன்னால் "இருபது வருஷமா இப்படித்தான் சார் ஏறுறோம்" என்கிறார். ஹெல்மெட்டும் பெல்ட்டும் நானே வாங்கிக் கொடுக்கலாமா? எந்த மாதிரி வாங்குவது? இனி பாக்கி இருப்பது பாதி வெளிப்பூச்சு, மொட்டைமாடி கைப்பிடிச்சுவர், அப்புறம் சம்ப் (தரைக்கு அடியில் கட்டும் தண்ணீர்த் தொட்டி). சம்ப்புக்கு மேல் காங்கிரீட் போட்டு மூன்று வாரம் ஆகிறது. வியாழக்கிழமை உள்ளே இறங்கி, காங்கிரீட்டைத் தாங்க அடித்த பலகையைப் பிரிக்கிறார்கள், அது சின்ன வேலைதான்.

பழைய சூப்பர்வைசர்:
தம்பி, ஹெல்மெட்டை அப்புறம் பேசுவோம். கடைசியில் 'சின்ன வேலை' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்துத்தான் இந்த நேரத்தில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறேன்.

மூன்று வாரமாக மூடிக் கிடக்கும் தொட்டி. உள்ளே ஈரப் பலகை, முட்டுக்கு வைத்த சவுக்குக் கட்டை, அடியில் தேங்கிய தண்ணீர். மரம் ஊறி அழுக ஆரம்பித்தால் உள்ளே இருக்கும் பிராணவாயுவைத் தின்றுவிடும், கரியமில வாயு அடியில் தங்கிவிடும். வெளிக்காற்றில் பிராணவாயு 21 சதவீதம். 19.5-க்குக் கீழே போனாலே ஆள் இறங்கக் கூடாது. 10 சதவீதத்துக்குக் கீழே போனால் மூச்சு முட்டுகிறது என்று கத்தக்கூட நேரம் இருக்காது, அப்படியே சாய்ந்துவிடுவான். வாடை வராது, கண் எரியாது. அதுதான் கொடுமை.

வேளச்சேரி பக்கம் ஒரு அபார்ட்மென்ட் வேலையில் இதை நேரில் பார்த்தேன். சென்டரிங் ஆள், அதாவது பலகை அடித்துப் பிரிப்பவன், ஒருவன் சம்ப்புக்குள் இறங்கினான், சத்தம் இல்லை. அவனைத் தூக்க அவன் தம்பி இறங்கினான், அவனும் சாய்ந்தான். மூன்றாவதாக நான். ஒரு காலைத் துவாரத்துக்குள் விட்டுவிட்டேன். ஜல்லி சுமந்துகொண்டிருந்த சித்தாள் அம்மா ஒருவர் என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து "நீயும் போய்ச் சேரப் போறியா?" என்று திட்டினார். ஃபயர் சர்வீஸ் ஆட்கள் காற்று சிலிண்டர் மாட்டிக்கொண்டு இறங்கித்தான் இருவரையும் எடுத்தார்கள். தம்பி பிழைத்தான்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். நாளைக்கே மூடியைத் திறந்து போடுங்கள். குழந்தைகள், நாய் விழாமல் மேலே கம்பி ஜாலி வையுங்கள். தண்ணீரை வெளியே வைத்த கரண்ட் மோட்டாரால் இறையுங்கள். பெட்ரோல், டீசல் பம்பை உள்ளே இறக்கவே கூடாது, அதன் புகையே ஆளைக் கொன்றுவிடும். புளோயரில் குழாய் மாட்டி அடி வரைக்கும் காற்று அடியுங்கள். மேலே டேபிள் ஃபேன் வைத்தால் அடிக்காற்று அசையாது. உள்ளே பிராணவாயு எவ்வளவு, விஷவாயு இருக்கிறதா என்று காட்டும் கேஸ் மீட்டர் வாடகைக்குக் கிடைக்கும். அதைக் கயிற்றில் கட்டி மேலே, நடுவில், அடியில் என்று மூன்று இடத்தில் பாருங்கள். மெழுகுவத்தி ஏற்றிப் பார்க்கலாம் என்பார்கள், வேண்டாம். விஷவாயு இருந்தால் அது காட்டாது, எரியும் வாயு இருந்தால் வெடிக்கும். இறங்குபவர் உடம்பில் பெல்ட், கயிறு. மேலே இருவர், ஆள் ஏறும்வரை அங்கிருந்து நகரக் கூடாது. புளோயர் கடைசி வரை ஓட வேண்டும். மயங்கினால் கயிற்றால் இழுங்கள், இறங்காதீர்கள். 101, 108 இரண்டுக்கும் போன் போடுங்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். வாங்கிக் கொடுங்கள், தப்பே இல்லை. ஹெல்மெட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள், தாடைப் பட்டி போட வையுங்கள். இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட் வேண்டாம், தோள் தொடை இரண்டையும் பிடிக்கும் முழு பெல்ட் வாங்குங்கள். கொக்கியைச் சாரத்தில் மாட்டினால் சாரத்தோடு சேர்ந்து விழுவார், கட்டடத்தின் தூணில் கட்டிய கயிற்றில் மாட்ட வேண்டும். ஆனால் அதற்கெல்லாம் முந்தி, ஒற்றைப் பலகைக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பலகை போட்டு, இடுப்பு உயரத்தில் ஒரு குறுக்குக் கம்பு கட்டச் சொல்லுங்கள். பாதி பயம் அதிலேயே போய்விடும்.

வயர்மேன் அடையாறு:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. சம்ப்புக்குள் வெளிச்சத்துக்கு 230 வோல்ட் பல்பை வயரோடு இறக்காதீர்கள். பேட்டரி டார்ச் போதும். தற்காலிக கனெக்‌ஷன் போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா, டெஸ்ட் பட்டனை அமுக்கினால் விழுகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பல சைட்டில் அது 'அடிக்கடி விழுது' என்று நேரடியாக இணைத்து வைத்திருப்பார்கள்.

சித்தாள் மகள்:
என் அம்மா 22 வருஷம் சித்தாள். சார், உங்கள் ஆட்களிடம் கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். 18 வயதிலிருந்து 60 வரை பதியலாம். பிளான் அப்ரூவலுக்குப் போனபோது கட்டுமானச் செலவில் நீங்கள் கட்டிய 1 சதவீதம் அந்த வாரியத்துக்குத்தான். அம்மா கை முறிந்து கிடந்தபோது எங்களிடம் அட்டை இல்லை.

மேடவாக்கம்வாசி:
எல்லோருக்கும் நன்றி. வியாழன் வேலையைச் சனிக்கிழமைக்குத் தள்ளினேன். மேஸ்திரிக்குக் கோபம், இரண்டு நாள் கூலி யார் தருவது என்றார், நானே தந்தேன். மூடியைத் திறந்ததும் மீட்டரை இறக்கினோம். பிராணவாயு மேலே 20, அடியில் 13.6. மீட்டர் கத்த ஆரம்பித்துவிட்டது. ஒன்றரை நாள் புளோயர் ஓடிய பிறகு அடியிலும் 20.8. பலகை எல்லாம் பிரித்தாயிற்று, நான்கு பேரும் டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள். மேஸ்திரி மீட்டரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது சொந்தமா வாங்கினா என்ன விலை வரும் சார்?" என்று கேட்டார்.