கத்தரிக்காய் 0.42: தீராத தடிப்புக்கு அலர்ஜி பேனல் எடுக்கலாமா?

காவேரிக்கரை
நேற்று இங்கே ஒருவர், "தோலில் அரித்து எழும்பும் தடிப்பு ஆறு வாரம் தாண்டிவிட்டதா? யோசிக்காமல் ரத்தத்தில் முழு அலர்ஜி பேனல், அதாவது பல பொருளுக்கு ஒரே நேரத்தில் அலர்ஜி பார்க்கும் பரிசோதனை எடுங்கள். எந்தச் சாப்பாடு என்று பளிச்சென்று தெரிந்துவிடும்" என்று எழுதியிருக்கிறார். கீழே வரிசையாக நன்றி வேறு. படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது.

நான் அதைத்தான் செய்தேன். தினமும் சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்குத் தொடங்கும். முதலில் பாவாடை நாடா இறுக்கும் இடத்தில் ஒரு கோடு, அப்புறம் தொடை, உள்ளங்கால். காலையில் பார்த்தால் ஒரு தடயமும் இருக்காது. 9,000 ரூபாய் கொடுத்துப் பேனல் எடுத்தேன். 31 பொருளுக்குச் சிவப்பு, அதாவது பாசிட்டிவ். தக்காளி, துவரம்பருப்பு, எள், இறால், கத்தரிக்காய் எல்லாம் அதில் உண்டு. நான்கு மாதம் கஞ்சியும் மோர் சாதமும்தான். 11 கிலோ இறங்கியது. தடிப்பு ஒரு நாள்கூட நிற்கவில்லை.

ஆறு வாரத்துக்கு மேல் தினமும் வரும் தடிப்புக்கு உணவு அலர்ஜி காரணமாக இருப்பது அபூர்வம். அமெரிக்க அலர்ஜி மருத்துவர்களின் அகாடமியே 2012இல், நாள்பட்ட தடிப்புக்கு வழக்கமாக இந்தப் பரிசோதனைகளைச் செய்ய வேண்டாம் என்று பட்டியல் போட்டுச் சொன்னது. தயவுசெய்து மற்றவர்களைக் கிணற்றில் தள்ளாதீர்கள்.

தேனிக்காரன்
நேற்று எழுதியது நான்தான் அக்கா. உங்களுக்குப் பலிக்கவில்லை என்றால் ஊருக்கே பலிக்காதா? எனக்கு எட்டு மாதம் தினமும் தடிப்பு. பேனலில் கத்தரிக்காய் 0.42. நிறுத்தினேன். இரண்டே மாதத்தில் சுத்தமாக நின்றது. இதற்கு என்ன பதில்?

காவேரிக்கரை
பதில் உங்கள் வரியிலேயே இருக்கிறது. இரண்டு மாதம்! கத்தரிக்காய் அலர்ஜி என்றால் சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிக்க வேண்டும். நிறுத்தினால் ஓரிரு நாளில் அடங்க வேண்டும். இரண்டு மாதம் எதற்கு ஆனது? அந்த இரண்டு மாதமும் அரிப்பு மாத்திரை போட்டீர்களா இல்லையா?

லேப்மேட்
14 வருடமாக லேபில் இருக்கிறேன். 0.35க்கு மேல் போனால் பாசிட்டிவ். 0.42 பாசிட்டிவ். இதில் சண்டை போட என்ன இருக்கிறது? மிஷின் பொய் சொல்லாது. தோலில் குத்திப் பார்க்கும் சோதனைக்கு அரிப்பு மாத்திரையை ஒரு வாரம் நிறுத்த வேண்டும், தடிப்போடு இருப்பவரால் அது முடியாது. ரத்தத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. அதனால்தான் டாக்டர்களே எழுதி அனுப்புகிறார்கள்.

காவேரிக்கரை
மிஷின் பொய் சொல்வதாக நான் எங்கே எழுதினேன்? ரத்தத்தில் ஐஜிஇ என்ற அலர்ஜி எதிர்ப்பொருள் இருக்கிறது என்று மிஷின் சொல்கிறது. அதனால்தான் தடிக்கிறது என்று நீங்கள் சொல்கிறீர்கள். இரண்டும் ஒன்றல்ல. என் ரிப்போர்ட்டில் இறால் 6.1. பிறந்ததிலிருந்து இறால் தொக்கு சாப்பிடுகிறேன், ஒரு அரிப்பும் வந்ததில்லை. எனக்கு வீட்டுத் தூசிப்பூச்சிக்குத் தும்மல் உண்டு. தூசிப்பூச்சி, கரப்பான், இறால் மூன்றிலும் ட்ரோபோமயோசின் என்ற ஒரே ஜாடைப் புரதம். தூசிக்கு உண்டான ஐஜிஇ இறாலிலும் ஒட்டிக்கொள்கிறது, ரிப்போர்ட் சிவப்பாகிறது. நான்கு மாதம் இறாலைத் தொடாமல் இருந்தேன், யாருக்கு லாபம்?

தேனிக்காரன் தம்பி, மாத்திரை போட்டீர்களா இல்லையா?

பாட்டிவைத்தியம்
இது காணாக்கடி. நம் முன்னோர் பெயரே வைத்துவிட்டார்கள். வெற்றிலையில் மிளகு வைத்துத் தின்று, பத்தியம் இருந்தால் போதும். கத்தரிக்காயும் கருவாடும் ஆகாது என்று எங்கள் பாட்டி பேனல் எடுக்காமலே சொல்வார். தேனிக்காரன் சொல்வது சரி.

லேப்மேட்
ஐயா, போன வருடம் தைராய்டு விவாதத்திலும் இதே வெற்றிலையைத்தான் கொண்டுவந்தீர்கள்.

பாட்டிவைத்தியம்
அந்த விவாதத்தில் நீங்கள் பாதியில் ஓடியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது.

லேப்மேட்
ஓடவில்லை. இரவு ஷிப்ட். அன்றைக்கே எழுதியிருந்தேன், போய்ப் படியுங்கள்.

மருந்துக்கடை
நடுவில் ஒரு வார்த்தை. கத்தரிக்காயில் இயல்பாகவே ஹிஸ்டமின் கொஞ்சம் அதிகம், தக்காளி, பசலைக்கீரை போல. சிலருக்கு அதனாலேயே அரிப்பு கூடலாம். அப்படி இருந்தால் அது ஐஜிஇ அலர்ஜி இல்லை, இந்த ரத்தப் பரிசோதனையில் தெரியவும் தெரியாது. ஆகவே தேனிக்காரன் சொல்வது சரியாகவே இருந்தாலும் 0.42க்கு அதில் வேலை இல்லை.

தேனிக்காரன்
பார்த்தீர்களா! மருந்துக்கடை அண்ணனே கத்தரிக்காய்தான் என்று சொல்லிவிட்டார்.

மருந்துக்கடை
நான் அப்படிச் சொல்லவில்லை தம்பி. திரும்பப் படியுங்கள்.

காவேரிக்கரை
அவர் படிக்க மாட்டார். மாத்திரை கேள்விக்கும் பதில் வராது.

எனக்குக் கடைசியில் வழி சொன்ன தோல் மருத்துவர் பேனலைப் புரட்டவே இல்லை. "வலிக்கு என்ன மாத்திரை போடுவீர்கள்?" என்றுதான் முதலில் கேட்டார். மாதவிடாய் வலிக்கு இபுபுரூஃபன். டைரியை எடுத்துப் பார்த்தால், போட்ட நாளெல்லாம் உதடு வீங்கியிருக்கிறது. நாள்பட்ட தடிப்பு உள்ளவர்களில் பலருக்கு ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வகை மாத்திரை நோயைக் கிளப்பிவிடும். 31 சிவப்பில் அது எங்கே இருந்தது? அப்புறம் ரத்தம் எடுத்தார், ஆனால் வேறு விஷயத்துக்கு. அணுக்கள் எண்ணிக்கை, உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இஎஸ்ஆர், மொத்த ஐஜிஇ, தைராய்டு எதிர்ப்பொருள். டிபிஓ என்ற அந்தத் தைராய்டு எதிர்ப்பொருள் அதிகமாக இருந்தது. உடம்பின் காவல்காரனே வீட்டை அடிக்கும் வகை. அதற்குத் தக்காளி என்ன செய்யும்?

லேப்மேட்
ஆக, ரத்தப் பரிசோதனைதான் உங்களுக்கும் வழிகாட்டியிருக்கிறது. தலைப்பை மாற்றுங்கள்.

காவேரிக்கரை
அலர்ஜி பேனல் என்று தலைப்பிலேயே தெளிவாகப் போட்டிருக்கிறேன். தெரிந்தேதான் குழப்புகிறீர்கள்.

லேப்மேட்
சரி, அலர்ஜி பேனலுக்கே வருகிறேன். ஆட்டுக்கறி, மாட்டுக்கறி சாப்பிட்டு மூன்று முதல் ஆறு மணி நேரம் கழித்து, நடு ராத்திரியில் தடிப்போடு எழுந்திருப்பவர்கள் இருக்கிறார்கள். உண்ணி கடித்ததால் ஆல்ஃபா-கால் என்ற சர்க்கரைக்கு வரும் அலர்ஜி. ராத்திரி வரும் தடிப்புக்கு எட்டு மணிக்குச் சாப்பிட்ட கறிதான் காரணம் என்று யாருக்குத் தோன்றும்? ரத்தத்தில் ஐஜிஇ பார்த்துத்தான் உறுதி செய்கிறார்கள். கோதுமை சாப்பிட்டுவிட்டு ஓடினால் மட்டும் தடிக்கும் ஆட்களுக்கு ஒமேகா-5 கிளையடின் என்ற கோதுமைப் புரதத்துக்கான ஐஜிஇ. அதுவும் ரத்தம்தான். இவர்களையெல்லாம் கஞ்சி குடிக்கச் சொல்வீர்களா?

காவேரிக்கரை
கறி சாப்பிட்ட ராத்திரி மட்டும் வருகிறது என்று நோயாளி சொன்ன பிறகு ஒரே ஒரு சோதனை. ஓடினால் வருகிறது என்றால் அதற்கு ஒரே ஒரு சோதனை. அதைச் செய்யட்டும், நான் ஏன் தடுக்கிறேன்? எதுவுமே கேட்காமல் 200 பொருளுக்கு வலை வீசி, மாட்டியதையெல்லாம் தட்டிலிருந்து எடுக்கச் சொல்வதைத்தான் எதிர்க்கிறேன். இன்னொன்றும் கேட்கிறேன். உங்கள் லேபில் ஐஜிஜி என்ற வேறு வகை எதிர்ப்பொருளைப் பார்க்கும் பேனலும் "உணவு ஒவ்வாமை" என்று விற்கிறீர்களா? அதில் ஒரு வகையான ஐஜிஜி4 இருக்கிறது என்றால் அந்த உணவை உடம்பு பார்த்துப் பழகியிருக்கிறது என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஐரோப்பிய அலர்ஜி அகாடமி 2008இலேயே அதை உணவு அலர்ஜிக்குப் பயன்படுத்தாதீர்கள் என்று எழுதிவிட்டது.

லேப்மேட்
நான் ரத்தம் எடுக்கிறவன், விற்கிறவன் இல்லை. கண்ணியமாகப் பேசுங்கள்.

இரண்டு_பிள்ளை_அம்மா
என் மகன் முந்திரி தின்ற 20 நிமிடத்தில் முகம் வீங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ரத்தப் பரிசோதனையில் முந்திரி மிக அதிகம். பரிசோதனை வேண்டாம் என்று எப்படிச் சொல்லலாம்?

காவேரிக்கரை
அம்மா, உங்கள் பிள்ளைக்கு அது கட்டாயம் தேவை. அது தின்றதும் வந்த தடிப்பு. நாம் பேசுவது மாதக்கணக்கில் தினமும் வரும் தடிப்பை. இது வேறு.

தேனிக்காரன்
தடிப்பு தடிப்புதான். இவருக்கு மட்டும் வேறு வேறு தடிப்பு.

ஊசி_போட்டவள்
சண்டைக்கு நடுவில் மன்னிக்கவும். எனக்கு அரிப்பு மாத்திரையை டாக்டர் நான்கு மடங்கு வரை கூட்டியும் தடிப்பு அடங்கவில்லை. இப்போது மாதம் ஒருமுறை ஒமலிசுமாப் என்ற, ஐஜிஇயைக் கட்டிப்போடும் மருந்து 300 மில்லிகிராம் ஊசி. இரண்டாவது ஊசியிலேயே தூக்கம் வந்தது. கத்தரிக்காய் கொத்சு தாராளமாகச் சாப்பிடுகிறேன். ஊசியின் விலைதான் தூக்கம் கெடுக்கிறது.

பாட்டிவைத்தியம்
வெற்றிலை என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள்.

காவேரிக்கரை
ஐயா, உதடும் நாக்கும் வீங்கி மூச்சு இழுக்கும்போது வெற்றிலையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க முடியாது.

தேனிக்காரன் தம்பி, மாத்திரைக் கேள்வியை விட்டுவிடுகிறேன். வேறு கேள்வி. அந்த எட்டு மாதமும் தினமும் தடித்தது என்று எழுதினீர்கள். வாரத்துக்கு எத்தனை நாள் கத்தரிக்காய் சாப்பிட்டீர்கள்?

தேனிக்காரன்
ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் கத்தரிக்காய். எங்கள் வீட்டில் அது கட்டாயம்.

காவேரிக்கரை
ஞாயிறு சாப்பிட்டதற்கு வியாழக்கிழமை எப்படித் தடித்தது?

லேப்மேட்
0.42 பாசிட்டிவ். அதை யாரும் மாற்ற முடியாது.

காவேரிக்கரை
லேப்மேட், உங்களைக் கேட்கவில்லை. தம்பி, வியாழக்கிழமை?

தேனிக்காரன்
வியாழக்கிழமை சாம்பாரிலும் இரண்டு துண்டு போடுவார்கள் அக்கா. நின்றுவிட்டதா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

காவேரிக்கரை
செவ்வாய்க்கிழமை?