புதுப்பிப்பு: நுவரெலியா சித்திரைப் புத்தாண்டு மரதன், தொடக்க நெரிசலில் எங்கே நிற்பது?

தொடக்கக் கயிற்றுக்குப் பக்கத்திலேயே இடம் பிடியுங்கள் என்று போன பதிவில் எழுதியிருந்தோம். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். முன்வரிசை வேகமாக ஓடுபவர்களுக்குத்தான். மற்றவர்கள் நடுவில் நில்லுங்கள். வீதியோர வடிகான் பக்கம் வேண்டவே வேண்டாம். பின்னாலிருந்து நெருக்கினால் கால் நேரே கானுக்குள்தான் போகும்.

சப்பாத்து லேஸை இரட்டை முடிச்சுப் போட்டு, நுனிகளை உள்ளே செருகுங்கள். தொங்கும் நுனியைப் பின்னால் வருபவர் மிதித்தால் இருவருமே விழுவீர்கள்.

"முதல் கிலோமீட்டரில் ஏன் மெதுவாக ஓட வேண்டும்?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கொழும்பை விட ஏறக்குறைய 20 வீதம் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசனும் அந்தளவு குறையும். கீழ்நாட்டிலிருந்து வருபவர்கள் அந்த முதல் கிலோமீட்டருக்கு வழமையான நேரத்தை விட 20, 30 செக்கன் கூடுதலாக எடுங்கள். இடைவெளி தேடி வளைந்து வளைந்து முந்தினால் மூச்சுத்தான் வீணாகும், கூட்டம் தானாகவே கலையும்.

இறக்கத்தில் எட்டி வைக்காதீர்கள், தொடை பிடித்துக்கொள்ளும். அடியைக் குறுக்கி, பாதத்தை உடம்புக்கு நேர் கீழே வையுங்கள். ஏப்ரலில் பின்னேர மழை வழமை; நனைந்த பாதசாரிக் கடவைக் கோடுகள் மிகவும் வழுக்கும், அவற்றின் மேல் திரும்பாதீர்கள்.