கையேடு இல்லாத பழைய ஸ்நோ புளோவர்: உங்கள் அனுபவம் என்ன?

ஒன்ராறியோ, பீட்டர்பரோ பக்கம்

பனியை அள்ளி வீசும் இந்த ஸ்நோ புளோவர் பண்ணை ஏலமொன்றில் மலிவாகக் கிடைத்தது. டிராக்டரின் பின்னால் மாட்டி பி.டி.ஓ.வில் (டிராக்டர் இன்ஜினின் சுழற்சியைக் கருவிக்குத் தரும் இணைப்பு) ஓட்டுகிற ரகம். கம்பெனித் தகடு இருந்த இடத்தில் ரிவெட் ஓட்டைகள்தான் மிச்சம். கையேடு இருக்கிறதா என்று கேட்டதற்கு விற்றவர் சிரித்தார்.

கம்பிப் பிரஷ் போட்டு பெயின்ட்டைச் சுரண்டியதும் பாதிச் சிக்கல் தீர்ந்தது. பேரிங்கில் யு.சி.206 என்று பொறித்திருந்தது, அதாவது உள்விட்டம் 30 மி.மீ. அந்த எண்ணைச் சொன்னால் எந்த பேரிங் கடையிலும் எடுத்துத் தருவார்கள். ஆயில் கசியாமல் தடுக்கும் சீலிலும் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் என்று மூன்று எண்கள் இருக்கும். செயினுக்கு ஒரு பின்னின் நடுவிலிருந்து அடுத்த பின்னின் நடுவரை அளந்தேன். முக்கால் அங்குலம் வந்தது, ஆக 60ஆம் நம்பர் செயின்.

கியர் பாக்ஸ்தான் பயமுறுத்தியது. பழைய ஆயில் பால் விட்ட டீ மாதிரி வந்தது. உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. முழுக்க வடித்து, சீலை மாற்றி, 80டபிள்யூ-90 கியர் ஆயில் ஊற்றினேன். எவ்வளவு என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. டிராக்டர் சமதளத்தில் நிற்கும்போது பக்கவாட்டு பிளக்கைத் திறந்து வைத்து ஊற்றினால், அந்த ஓட்டை வழியாகக் கசியத் தொடங்குவதுதான் அளவு.

ஓட்டாவா பள்ளத்தாக்கு

அண்ணா, ஷியர் போல்ட்டைப் பார்த்தீர்களா? நான் வாங்கியதில் தலையில் ஆறு கோடு போட்ட கிரேடு 8 போல்ட் மாட்டியிருந்தார்கள். அடிக்கடி உடைகிறதே என்று முந்தைய ஆள் கெட்டியானதாகப் பார்த்துப் போட்டிருப்பார் போல. உடைவதுதான் அதன் வேலை! பனிக்குள் உறைந்து கிடக்கும் விறகுக்கட்டை ஆகரில் (பனியை உள்ளே இழுக்கும் திருகில்) சிக்கும்போது போல்ட் உடையாவிட்டால் கியர் பல் உடையும். எந்த போல்ட் என்று தெரியாதவரை தலையில் கோடே இல்லாத கிரேடு 2இலிருந்து தொடங்குவது நல்லது. மூன்று கோடு இருந்தால் கிரேடு 5. சில மெஷின்களுக்கு அதைத்தான் சொல்லியிருப்பார்கள், ஆனால் அது உறுதியாகத் தெரிந்தால் மட்டும் போடுங்கள்.

இன்னொன்று. ஷியர் போல்ட் ஆகரிலேயே இருக்கும் மெஷின் என்றால், அதைக் கழற்றிவிட்டு ஆகரைக் கையால் சுற்றிப் பாருங்கள். தண்டின் மேல் தனியாகச் சுழல வேண்டும். துருப்பிடித்து ஒட்டியிருந்தால் போல்ட் உடைந்தும் பயனில்லை. ஊடுருவும் எண்ணெய் அடித்து, விடுபட்டதும் நிப்பிள் வழியாக கிரீஸ் ஏற்றுங்கள். இதெல்லாம் இன்ஜினை நிறுத்திச் சாவியைப் பையில் போட்ட பிறகுதான், சரியா?

கியூபெக்

கம்பெனி தெரியாவிட்டால் நாலு பக்கமும் படம் எடுத்து பழைய டீலர்களிடம் காட்டுங்கள். இந்தப் பக்கத்து மெஷின்கள் பெரும்பாலும் உள்ளூர் தயாரிப்புதான். சென்-தீத் ஊரில் புரோனோவோ கம்பெனி, சென்-பஸ்கலில் நொர்மான். ஒன்ராறியோவில் என்றால் எல்மைரா, லக்னோ ஊர்களில் செய்தவை. (ஆமாம், ஒன்ராறியோவிலும் ஒரு லக்னோ உண்டு.) உதிரிபாகக் கடைப் பெரியவர் ஒருவர் விசிறியின் இறக்கையைப் பார்த்தே கம்பெனியைச் சொல்லிவிட்டார்.

டிராக்டரையும் புளோவரையும் இணைக்கும் பி.டி.ஓ. தண்டையும் கவனியுங்கள். ஒன்றுக்குள் ஒன்று நகரும் இரண்டு குழாய்கள்தான் அது. பழைய மெஷினோடு வருவது வேறு டிராக்டருக்கு அளந்து வெட்டியதாக இருக்கலாம். நீளம் கூடினால், புளோவரைத் தூக்கி இறக்கும்போது குழாய் முட்டி டிராக்டரின் பேரிங்கை இடிக்கும். குறைந்தால் கழன்று பறக்கும். மேலே, கீழே, நடுவே என்று வைத்துப் பாருங்கள். ஓடுகிற எந்த நிலையிலும் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். மேலுறை உடைந்திருந்தால் புதிது போடாமல் ஓட்டவே வேண்டாம். நிமிடத்துக்கு 540 சுற்றில் ஜாக்கெட் நுனி சிக்கினால் கையை எடுக்க நேரம் கிடைக்காது.

மீண்டும் பீட்டர்பரோ

தண்டை நாளைக்கே அளக்கிறேன். என் வீட்டுப் பாதை சரளைக்கல். அதனால் தரையில் உரசிச் செல்லும் சறுக்குக் காலணியை, தரைக்கும் கீழ் விளிம்புத் தகட்டுக்கும் ஓர் அங்குல இடைவெளி வரும்படி இறக்கினேன். இல்லையென்றால் பக்கத்து வீட்டு ஜன்னலுக்குக் கல் போகும். அந்தத் தகடு தேய்ந்து போயிருந்ததால் புதிதுக்கு விலை கேட்டிருந்தேன். கழற்றிப் பார்த்தால் இரு பக்கமும் ஓட்டை போட்ட தகடு. மறு விளிம்பு ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கிறது, திருப்பி மாட்டியாயிற்று.