ஏழு தடவை குத்தச் சொல்லும் ஊசிமுனை சாருக்கு

காவிரிக்கரை:
நேற்று கேழ்வரகுக் கூழ் பற்றிய பேச்சுக்கு நடுவே ஊசிமுனை சார் ஒரு வரி போட்டிருக்கிறார். "டைப் 2 சுகர் உள்ளவர் தினமும் ஏழு தடவை விரலில் குத்திச் சுகர் பார்க்காவிட்டால் கிட்னியை அடகு வைத்துவிட்டார் என்று அர்த்தம்." படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. பயத்தால் இல்லை, எரிச்சலால். நான் சாப்பிடுவது மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்பிஏ1சி, அதாவது சில மாதச் சராசரி சுகரைக் காட்டும் ரத்த டெஸ்ட், கடைசியாக 6.8 சதவீதம். வீட்டில் மாதம் இரண்டு தடவை வெறும் வயிற்றில் பார்ப்பேன், அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் கருவியில் செருக நான் வாங்கும் ஸ்ட்ரிப் ஒன்று 20 ரூபாய். ஏழு தடவை என்றால் ஒரு நாளைக்கு 140, மாதம் 4,200. என் மாத்திரைச் செலவு அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அமெரிக்காவில் வட கரோலினாவில் இன்சுலின் போடாத 450 பேரை ஒரு வருடம் கவனித்து 2017-ல் எழுதினார்கள்: தினமும் வீட்டில் பார்த்தவருக்கும் பார்க்காதவருக்கும் எச்பிஏ1சி-யில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அப்புறம் யாருக்காக இந்த ஏழு?

ஊசிமுனை:
வாருங்கள். பதினொரு வருடமாக நோட்டுப் போட்டு எழுதுகிறவன் நான். ஆறு நோட்டு முடிந்து ஏழாவது ஓடுகிறது. மூன்று வேளை சாப்பாட்டுக்கு முன் மூன்று, பின் மூன்று, படுக்கும்போது ஒன்று. ஆக ஏழு. நான் கண்டுபிடித்த எண் இல்லை.

அந்த 450 பேர் ஒரு நாளைக்கு ஒரு தடவைதானே பார்த்தார்கள்? ஒரு தடவை பார்த்துவிட்டுப் பலனில்லை என்றால் யார் தப்பு? வட கரோலினாவில் வெண்பொங்கல் உண்டா? எனக்கு வெண்பொங்கலுக்கு 238, அடைக்கு 164. இதை உங்கள் எச்பிஏ1சி சொல்லுமா? 7 சதவீதம் என்றால் சராசரி 154. ஒரு வேளை 60, மறு வேளை 250 என்று ஆடினாலும் சராசரி அழகாகத்தான் வரும். ஆழம் தெரியாமல் காலை விடுகிறவர் பெயர் காவிரிக்கரையாம்!

முறையையும் சொல்லிவிடுகிறேன். சாப்பிட்டு முடித்து, கை கழுவி, அதிலிருந்து கடிகாரம் பார்த்துச் சரியாக இரண்டு மணி நேரம்.

வார்டு சிஸ்டர்:
கடைசி வரி தப்பு சார். இரண்டு மணி நேரத்தை முதல் வாய் வைத்ததிலிருந்து எண்ண வேண்டும், கை கழுவியதிலிருந்து இல்லை. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் சொல்லும் 180-க்குக் கீழ் என்ற இலக்கும் சாப்பாட்டை ஆரம்பித்ததிலிருந்து கணக்கிட்டதுதான்.

ஊசிமுனை:
பதினொரு வருடம், சிஸ்டர். என் டாக்டர் "சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து" என்றார். சாப்பிட்டு என்பது இறந்தகால வினையெச்சம். வினை முடிந்துவிட்டது. முதல் வாயிலிருந்து என்றால் "சாப்பிட ஆரம்பித்து" என்று சொல்லியிருப்பார்.

இட்லிப்பொடி:
கிட்னியில் ஆரம்பித்து தொல்காப்பியத்துக்கு வந்துவிட்டோம். போன வருடம் எனக்கு லேப் சீட்டில் "பிபி 212" என்று வந்தது. ரத்த அழுத்தம்தான் ஏறிவிட்டது என்று வீடே அழுதது. அது போஸ்ட் பிராண்டியல், சாப்பாட்டுக்குப் பிந்தைய சுகராம். அந்த லேப் பையனும் எப்போதிலிருந்து எண்ணினான் என்று நான் கேட்கவில்லை.

காவிரிக்கரை:
பேச்சை மாற்றாதீர்கள். ஏழு எதற்கு என்று கேட்டேன். இங்கிலாந்திலும் இன்சுலின் போடாத டைப் 2-க்கு வழக்கமாக வீட்டில் பார்க்கச் சொல்வதில்லை. சுகர் அளவுக்கு மீறி இறங்குகிறவர், அப்படி இறக்கும் மாத்திரையோடு வண்டி ஓட்டுகிறவர், கர்ப்பிணி இவர்களுக்குத்தான் சொல்கிறார்கள்.

ஊசிமுனை:
இங்கிலாந்துக்காரன் ரொட்டி தின்கிறான், பத்து நிமிடத்தில் எழுந்துவிடுகிறான். கல்யாணப் பந்தியில் முக்கால் மணி நேரம் ஆகிறது. இலை போட்டதிலிருந்து எண்ணவா, பாயசம் வந்ததிலிருந்து எண்ணவா? இதற்கு யாரும் பதில் சொல்லவில்லை, கவனித்தீர்களா.

வார்டு சிஸ்டர்:
சொல்லியாயிற்று சார். முதல் வாய். 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுக்கும் டெஸ்டிலும் குடிக்க ஆரம்பித்த நேரத்தைத்தான் எழுதுவோம்.

ஊசிமுனை:
அது குடிப்பது. இது சாப்பிடுவது.

புதுசு2024:
வணக்கம். நான் ஆட்டோ ஓட்டுகிறேன். சுகருக்குக் கிளிமிபிரைடு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மதியச் சாப்பாடு சில நாள் நான்கு மணி ஆகிவிடும், அப்போது கை நடுங்குகிறது. நான் எத்தனை தடவை பார்க்க வேண்டும்?

இட்லிப்பொடி:
ஊசிமுனை சார், நோட்டு என்றதும் ஞாபகம் வருகிறது. போன மே மாதம் பங்கனப்பள்ளி இரண்டு துண்டுக்கு உங்களுக்கு 12 தான் ஏறியது என்று அடித்துச் சொன்னீர்கள். உங்களை நம்பிச் சாப்பிட்டேன். எனக்கு 90 ஏறியது. இன்றுவரை அதற்கு ஒரு வார்த்தை இல்லை.

ஊசிமுனை:
பழம் வெட்டிய கையோடு குத்தியிருப்பீர்கள். விரலில் சர்க்கரை ஒட்டியிருந்தால் கூடத்தான் காட்டும்.

இட்லிப்பொடி:
கழுவினேன்.

ஊசிமுனை:
சோப்புப் போட்டா?

காவிரிக்கரை:
அப்படியானால் உங்கள் வெண்பொங்கல் 238 மட்டும் எப்படிச் சுத்தமான ரத்தம்? நீங்களும் கையால்தானே சாப்பிடுகிறீர்கள், ஸ்பூனாலா?

வார்டு சிஸ்டர்:
புதுசு2024 தம்பி, இவர்கள் சண்டை முடியாது, நீங்கள் கேளுங்கள். கிளிமிபிரைடு சுகரை அதிகமாக இறக்கிவிடும், அதிலும் சாப்பாடு தள்ளிப்போனால். நடுக்கம், வியர்வை வந்தால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு உடனே பாருங்கள். 70-க்குக் கீழ் இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறும் வரை ஓட்டாதீர்கள். சவாரிக்குக் கிளம்பும் முன்னும் பார்ப்பது நல்லது. இந்த நடுக்கத்தை இந்த வாரமே டாக்டரிடம் சொல்லுங்கள், மாத்திரை அளவையே மாற்ற வேண்டியிருக்கலாம். காவிரிக்கரை சாருக்கு மெட்ஃபார்மின் மட்டும், அவர் கணக்கு வேறு.

காவிரிக்கரை:
சிஸ்டரே சொல்லிவிட்டார். ஆளுக்கு ஆள் வேறு. ஏழு என்பது எங்கே போயிற்று?

ஊசிமுனை:
எங்கும் போகவில்லை. அந்தத் தம்பி ஏழு தடவை பார்த்திருந்தால் நடுக்கம் வருமுன்பே தெரிந்திருக்கும். நான் சொன்னதையே சிஸ்டர் வேறு வார்த்தையில் சொல்கிறார், முதல் வாய் விஷயம் தவிர.

வார்டு சிஸ்டர்:
நான் ஏழு என்று எங்கும் சொல்லவில்லை.

ஊசிமுனை:
சரி, எல்லோருக்குமாக ஒரு சோதனை செய்தேன். இன்று காலை 7.40-க்கு முதல் வாய். ஊத்தப்பம் இரண்டு, வெங்காயம் தூக்கலாக. 8.05-க்குக் கை கழுவினேன், சோப்புப் போட்டு, இட்லிப்பொடி கவனிக்க. 9.40-க்கு 171. 10.05-க்கு 166. வித்தியாசம் வெறும் 5. எப்படி எண்ணினாலும் ஒன்றுதான் என்றால் என் முறையில் என்ன தப்பு?

வார்டு சிஸ்டர்:
வீட்டுக் கருவிக்கு, சுகர் 100-க்கு மேல் இருக்கும்போது, 15 சதவீதம் வரை முன்பின் இருக்க அனுமதி உண்டு சார். 171-ம் 166-ம் அதற்குள்ளேயே அடங்கிவிடும். ஒரே ஒரு காலையை வைத்து எதையும் சொல்ல முடியாது. எண்ண வேண்டியது முதல் வாயிலிருந்து.

ஊசிமுனை:
அப்படியானால் முன்பின் காட்டும் கருவியில் 25 நிமிட வித்தியாசத்துக்கு ஏன் இவ்வளவு சண்டை? உங்கள் வாதத்தை நீங்களே உடைத்துவிட்டீர்கள்.

காவிரிக்கரை:
இன்று மட்டும் எட்டுத் தடவை குத்தியிருக்கிறீர்கள் என்று எழுதிக்கொள்ளட்டுமா?

ஊசிமுனை:
ஒன்பது. 9.40-க்கு முதல் ஸ்ட்ரிப்பில் ரத்தம் போதவில்லை, எர்ரர் வந்தது. நாளை இட்லியில் பார்த்துவிட்டு எழுதுகிறேன், அதுவரை யாரும் முடிவு சொல்லாதீர்கள்.

இட்லிப்பொடி:
பங்கனப்பள்ளிக்கு இன்னும் பதில் வரவில்லை.