பிரபலங்களின் உண்மையான உயரம்: பாடசாலை உயரச் சுவருக்கு எந்த இலக்கத்தை நம்புறது?

ஒட்டுசுட்டான் ரீச்சர்:

பாடசாலைக் கண்காட்சிக்கு ஒரு உயரச் சுவர் செய்யப்போறம். பிரபலங்களின்ர ஆள் உயரப் படங்களைப் பிளெக்ஸில அடிச்சு வரிசையாக் கொழுவினா, பிள்ளையள் பக்கத்தில நிண்டு ஒப்பிட்டுப் பாக்கலாம். கிரிக்கெட் வீரர், நடிகர், உலகத்திலேயே உயரமான மனிதர் எண்டு ஒரு பத்துப் பேர் வரும். தேடிப் பாத்தா ஒரே நடிகருக்கு ஒரு இடத்தில 5 அடி 8, இன்னொரு இடத்தில 5 அடி 10, மூண்டாவது இடத்தில 178 சென்ரிமீற்றர் எண்டு கிடக்கு. எதை நம்பலாம்? படத்தைப் பாத்து உயரத்தைக் கணிக்க வழி இருக்கோ? ஆக்கள் ஏன் உயரத்தைக் கூட்டிச் சொல்லுகினம் எண்டும் சுவரில ஒரு பந்தி எழுத வேணும்.

கனகராயன்:

ரீச்சர், உங்கட மூண்டு இலக்கத்தில ரெண்டு ஒண்டுதான். 5 அடி 10 எண்டா 70 அங்குலம். 2.54 ஆல பெருக்க 177.8 வரும், அதைத்தான் ஆரோ 178 ஆக்கியிருக்கினம். ரெண்டு இடத்தில கிடக்கு எண்டதுக்காக ரெண்டு சாட்சி எண்டு எடுக்காதேங்கோ.

ஒரு இலக்கத்தை எடுக்க முன்னம் மூண்டு விசயம் பாக்க வேணும்: ஆர் அளந்தது, வெறுங்காலோ சப்பாத்தோ, எந்த நேரம். நடிகர்மாரின்ர உயரத்துக்கு அனேகமா இந்த மூண்டுக்குமே பதில் இருக்காது. அவரோ அவரின்ர ஆக்களோ சொன்னதை எழுதியிருப்பினம், அவ்வளவுதான்.

அளந்து பதிஞ்ச ஆக்களில இருந்து தொடங்குங்கோ. பதிவிலேயே ஆக உயரமான மனிசர் ராபர்ட் வட்லோ 272 சென்ரிமீற்றர், 1940 ஜூன் 27 இல அளந்தது. துருக்கிக்காரர் சுல்தான் கோசென் 251, 2011 இல. ஆகக் கட்டையானவர் நேபாளத்துச் சந்திர பகதூர் டாங்கி 54.6, 2012 இல. கின்னஸ்காரர் இப்பிடியானவையளை ஒரே நாளில பல தடவை அளக்கிறவை. ஏனெண்டா மனிசர் எல்லாரும் பகலில குறையினம். முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையில இருக்கிற வட்டுகள் உடல் பாரத்தில நீர் இழந்து அமுங்கும். படுத்து எழும்ப திரும்ப ஊறும். விடியக் கட்டிலால எழும்பினதுக்கும் பின்னேரத்துக்கும் 1 முதல் 2 சென்ரிமீற்றர் வித்தியாசம் வரும். அந்தக் குறைவில பெரும்பகுதி எழும்பின முதல் ஒண்டு ரெண்டு மணித்தியாலத்துக்குள்ளயே நடந்து முடிஞ்சிடும்.

கிரிக்கெட்காரரில முரளிதரன் 170, டெண்டுல்கர் 165, ஜோயல் கார்னர் 203, பாகிஸ்தானின்ர முகமட் இர்பான் 216 எண்டு பதிவில கிடக்கு. இதுகள் சொல்லப்பட்ட உயரங்கள். என்ர யோசனை, வட்லோவைப் போல அளந்தவையளின்ர பேரைப் பச்சையிலயும் சொல்லப்பட்டதை மஞ்சளிலயும் அடியுங்கோ. பிள்ளையளுக்கு அந்த வித்தியாசம் விளங்கவேணும். நடிகருக்கு ஒரு தனி இலக்கம் போடாமல், 5 அடி 8 இல இருந்து 5 அடி 10 வரைக்கும், அதாவது 173 முதல் 178 வரைக்கும், ஒரு மஞ்சள் பட்டை போடுங்கோ.

ஒரு பிழை கட்டாயம் வரும், இப்பவே சொல்லிவிடுறன். எங்கட ஆக்கள் 5 அடி 6 அங்குலத்தை "5.6" எண்டு எழுதுவினம். கணக்குப்படி 5.6 அடி எண்டா 5 அடி 7.2 அங்குலம், 170.7 சென்ரிமீற்றர். உண்மையில அது 167.6. ஒரு புள்ளியால மூண்டு சென்ரிமீற்றர் கூடிப்போகுது. எக்செலில 5.10 எண்டு அடிச்சா அது 5.1 ஆகி நிக்கும். 5 அடி 10 ஆன ஆள் ஏறத்தாழ முக்கால் அடி கட்டையாப் போவார். எல்லாத்தையும் சென்ரிமீற்றரில மட்டும் எழுதுங்கோ.

மாங்குளம் படக்காரன்:

படத்தில உயரம் கணிக்கிறது பற்றி எழுதுறன். முதல்ல ஏன் ஏமாறுறம் எண்டதைப் பாருங்கோ. ரெண்டு பேரும் 170 சென்ரிமீற்றர். கமரா நிலத்தில இருந்து 1 மீற்றர் உயரத்தில, முன் ஆளுக்கு 2 மீற்றர் தூரத்தில நிக்குது. மற்றவர் 20 சென்ரிமீற்றர் பின்னுக்கு நிண்டா, படத்தில அவரின்ர தலை முன் ஆளின்ர 163.6 மட்டத்துக்குத்தான் வரும். ஒரு சின்ன எட்டில 6 சென்ரிமீற்றருக்கு மேல போச்சு. கலியாண வீட்டு மேடையில மாப்பிள்ளையை அரை எட்டு முன்னுக்கு வரச்சொல்லி, கமராவை இடுப்பு மட்டத்துக்கு இறக்கி எடுக்கிறது இந்தக் கணக்கில்தான். கமரா கண் மட்டத்தில இருந்தா இந்த வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லாமல் போகும்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டா உயரத்தை எடுக்கலாம். மட்டமான நிலத்தில நிக்கிற எல்லாரையும் படத்தின்ர அடிவானக் கோடு கமராவின்ர உயரத்திலதான் வெட்டும், கிட்ட நிண்டாலும் தூர நிண்டாலும். உதாரணத்துக்கு, கமரா 150 சென்ரிமீற்றர். படத்தில ஆள் காலில இருந்து தலை வரைக்கும் 800 புள்ளி (பிக்சல்), காலில இருந்து அடிவானக் கோடு வரைக்கும் 700 புள்ளி. 150 ஐ 800 ஆல பெருக்கி 700 ஆல பிரிச்சா 171.4. அதில சப்பாத்தைக் கழியுங்கோ: சாதாரண தோல் சப்பாத்துக்கு 2.5, ஓடுற சப்பாத்துக்கு 3 முதல் 4, றப்பர் செருப்புக்கு 1 முதல் 1.5.

அடிவானம் எங்க எண்டு தெரியாட்டி, சீமெந்துக் கல்லுச் சுவரின்ர வரிகளை நீட்டிப் பாருங்கோ. சாய்வாத் தெரியிற சுவரின்ர வரிகள் எல்லாம் ஒரு புள்ளியில சேரும், அந்தப் புள்ளியின்ர மட்டம்தான் அடிவானம். வெட்டவெளியில எடுத்த படமெண்டா அளவு தெரிஞ்ச பொருள் வேணும். கிரிக்கெட் விக்கெட் கட்டை 71.1 சென்ரிமீற்றர். உதைபந்தாட்டக் கோலின்ர குறுக்குக் கம்பத்தின்ர கீழ்விளிம்பு 2.44 மீற்றர். ஆம்பிளையளின்ர கரப்பந்தாட்ட வலை 2.43, பொம்பிளையளுக்கு 2.24. ஆனா ஆள் அந்தப் பொருளுக்குப் பக்கத்திலயே நிக்க வேணும். பந்துவீசுறவர் கட்டைக்கு ஒரு மீற்றர் முன்னால நிண்ட படத்தை வைச்சு அளக்கக்கூடாது.

சினிமாவில இதெல்லாம் ஒழுங்கா நடக்கிற வேலை. ஹொலிவூட்டில "அப்பிள் பெட்டி" எண்டு சொல்லுற மரப்பெட்டிகள் 8, 4, 2, 1 அங்குல உயரத்தில வரும். நடிகர் நிக்கிற காட்சியில கால் தெரியாமல் அடுக்குவினம். நடக்கிற காட்சிக்குப் பெட்டி சரிவராது. நடிகர் அலன் லாட் கட்டையானவர் எண்டதால, நடிகை சோபியா லோரன் அவருக்குப் பக்கத்தில நடக்கப் பள்ளம் வெட்டினவை. சப்பாத்துக்குள்ள வைக்கிற திண்டு 2 முதல் 5 சென்ரிமீற்றர். குதி உயர்ந்து சப்பாத்தை விட்டுக் கழண்டு வரும், முழங்கால் மடிஞ்ச நடையாகும், காற்சட்டை மடிப்பு கீழ வழமையை விட நீளமா விழும். முழு உருவப் படத்தில இந்த மூண்டையும் பாத்தா பிடிபடும்.

ஒட்டுசுட்டான் ரீச்சர்:

அண்ணை, தம்பி, ரெண்டு பேருக்கும் நன்றி. பச்சை, மஞ்சள் பிரிவைக் கட்டாயம் செய்வன். இனிப் பிள்ளையளை அளக்கிற ஒழுங்கை ஆரும் சொல்லுங்கோவன். சுவர் சீமெந்துச் சுவர், நிலமும் சீமெந்து. தலையில புத்தகம் வைச்சுப் பென்சிலால கோடு கீறினாக் காணுமோ?

வவுனிக்குளம்:

புத்தகம்தான் பெரிய பிழை விடுற இடம், ரீச்சர். தலையின்ர உச்சி சுவரில இருந்து ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் தள்ளி இருக்கு. புத்தகம் 5 பாகை சரிஞ்சாலே 9 மில்லிமீற்றர் கூடவோ குறையவோ வரும். தச்சுவேலை செய்யிற ஒராளிட்டச் சொல்லி ரெண்டு பலகையை மூலைமட்டம் வைச்சு 90 பாகைக்கு அடிச்சு எடுங்கோ. ஒரு பலகை சுவரில முழுசாப் படிஞ்சு வழுக்கி இறங்க வேணும், மற்றது தலையில இருக்க வேணும். தலைமயிரை நல்லா அமத்துங்கோ.

சுவரின்ர அடியில சீமெந்து விளிம்பு பிதுங்கிக் கொண்டு இருந்தா அந்த இடம் வேண்டாம், குதி வெளிய தள்ளுப்படும். வாசல் நிலைப் பக்கம் நல்லது. நிலத்தை ரசமட்டம் வைச்சுப் பாருங்கோ. பள்ளமெண்டா ஒரு தட்டைப் பலகையை ஆடாமல் இருத்தி, அதில இருந்து பூச்சியம் எடுங்கோ. தூக்குக்குண்டு போட்டு நேர்க்கோடு கீறி, அந்தக் கோட்டிலதான் இரும்பு ரேப்பை ஒட்டவேணும். துணி ரேப் இழுபடும், எடுக்காதேங்கோ.

பிள்ளை வெறுங்காலோட நிக்க வேணும். குதி, பின்பக்கம், தோள்பட்டை எலும்பு, பின்தலை, நாலும் சுவரில முட்டினா நல்லது. உடம்பு வாகைப் பொறுத்து நாலும் முட்டாட்டி வலுக்கட்டாயமாத் தள்ளாதேங்கோ. பொம்பிளைப் பிள்ளையளுக்கு இரட்டைப் பின்னலின்ர ரிபன் முடிச்சு பின்தலையில இருந்தா தலை முன்னுக்குத் தள்ளுப்படும், அதை விலத்திவிடுங்கோ. நாடியை உயத்தவும் கூடாது, பதிக்கவும் கூடாது: கண்குழியின்ர கீழ் எலும்பும் காதுத் துளையின்ர மேல் விளிம்பும் ஒரே மட்டத்தில வரவேணும். மூச்சை ஆழமா இழுத்துப் பிடிக்கச் சொல்லி, அந்த நேரம் வாசியுங்கோ. வாசிக்கிறவரின்ர கண் பலகையின்ர மட்டத்தில இருக்க வேணும்; மேல இருந்து எட்டிப் பாத்தா அளவு பிசகும். ஒருக்கா விலத்தித் திரும்ப நிக்க வைச்சு ரெண்டாந்தரம் அளவுங்கோ. ரெண்டுக்கும் அரைச் சென்ரிமீற்றருக்கு மேல வித்தியாசம் எண்டா மூண்டாந்தரம். ஒரு வகுப்பு முழுக்க ஒரே நேரத்தில, சொல்லப்போனா காலமை 10 மணிக்குப் பிறகு அளந்தா ஒப்பிடலாம்.

கனகராயன்:

பந்திக்கு என்ன எழுதலாம் எண்டு கேட்டீங்கள். எல்லாரும் பொய் சொல்லுகினம் எண்டு எழுதாதேங்கோ, அது அநியாயம். பின்னேரம் வெறுங்காலோட 168.5 ஆன ஒராள் விடியத்தில 169.5. சப்பாத்தோட 172.5. அடிக்கு மாத்தேக்க 5 அடி 8, திரும்பச் சென்ரிமீற்றருக்கு மாத்தேக்க 173. நாலரைச் சென்ரிமீற்றர் ஏறிப்போச்சு, ஒருதரும் வேணுமெண்டு கூட்டேல்லை. வயது போனவையளும் 25 வயதில அளந்த உயரத்தையே சொல்லுவினம். 40க்குப் பிறகு பத்து வருசத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் குறையும் எண்டது ஞாபகம் வராது.

வேணுமெண்டு கூட்டுறதும் இருக்கு. அது இலக்கத்துக்கு விலை இருக்கிற இடத்திலதான். கலியாணப் பேச்சில குறிப்போட உயரமும் போகுது. பொம்பிளையை விட மாப்பிள்ளை உயரமா இருக்கவேணும் எண்டு ரெண்டு வீட்டாரும் எதிர்பாக்கினம், அதால 5 அடி 6 எண்டது 5 அடி 8 ஆகுது. உயரத்தை ஒரு தகுதியாப் பாக்கிற இந்தப் பழக்கம் பிள்ளையளைத்தான் கூடத் தாக்குது. அதால சுவரில டெண்டுல்கரையும் முரளிதரனையும் நடுவில போடுங்கோ, ஓரத்தில வேண்டாம்.

அமெரிக்கக் கூடைப்பந்தாட்டம் நல்ல உதாரணம். என்பிஏ லீக் 2019-20 பருவத்துக்கு எல்லா வீரரையும் சப்பாத்தில்லாமல் அளந்து உறுதிப்படுத்தச் சொன்னது. 6 அடி எண்டு கிடந்த ஜே. ஜே. பரேயா 5 அடி 10 ஆனார். கெவின் டுரான்ட் மறுவளமா 6 அடி 9 இல இருந்து 6 அடி 10 ஆனார். அந்த விளையாட்டில உயரத்தைக் குறைச்சுச் சொல்லுறவையும் இருக்கினம், ஏனெண்டா மெத்த உயரமெண்டா வளையத்துக்குக் கீழ நிக்கிற இடத்துக்குத் தள்ளிப்போடுவினம்.

நெப்போலியனையும் சேருங்கோ. அவர் 5 அடி 2 அங்குலம் சொச்சம் எண்டது பழைய பிரெஞ்சு அளவு. அந்த அங்குலம் 2.707 சென்ரிமீற்றர். கணக்குப் போட்டா 168 சென்ரிமீற்றர் அளவில வரும், முரளிதரனுக்குக் கிட்ட. அலகை மாத்தாமல் இங்கிலீஸ் அங்குலமா வாசிச்சதாலயும் அவரைக் கட்டையன் எண்ட கதை பரவினது.

மாங்குளம் படக்காரன்:

கடைசியா ஒண்டு, ரீச்சர். பிளெக்ஸ் அடிக்கிற இடத்தில ஃபைலைத் தாளுக்கு ஏத்தபடி சுருக்கியோ நீட்டியோ விட்டிடுவினம். நூறு வீத அளவில அடிக்கச் சொல்லி, ஒவ்வொரு படத்தின்ர ஓரத்திலயும் சரியா 1 மீற்றர் நீளக் கோடு ஒண்டு போட்டுக் குடுங்கோ. படத்தில ஆள் சப்பாத்தோட நிண்டா, சப்பாத்தின்ர அடியை நிலத்துக்கு வைக்காமல் உள்ள இருக்கிற காலின்ர குதியை நிலமட்டத்துக்கு வையுங்கோ, இல்லாட்டி வெறுங்கால் பிள்ளையோட ஒப்பிடேலாது. வெயிலில இழுத்துக் கட்டினா பிளெக்ஸ் நீளும், அதால மேல மட்டும் சட்டம் அடிச்சுத் தொங்கவிடுங்கோ. கொழுவின பிறகு அந்த 1 மீற்றர் கோட்டை இரும்பு ரேப்பால திரும்ப அளவுங்கோ. அது 101 வந்தா வட்லோ 274.7 ஆகிடுவார்.