இரத்த விதானம், செங்காகுஜி, மட்சுமோட்டோ: மறக்க முடியாத ஒரு கணத்தை எழுதுங்கள்

வைகறை எழுதியது:

கியோத்தோவில் இரத்த விதானம் (போரில் மாண்டவர்களின் இரத்தக்கறை படிந்த பலகைகளைப் பதித்த உட்கூரை) உள்ள கோயில்களைப் பற்றி இங்கே பலரும் அறிவீர்கள் என்பதால் நேரே சொல்ல வந்ததற்குப் போகிறேன். நான் பார்த்தது அவற்றில் ஒன்றான யோகெனின். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. கோயிலைச் சுற்றிக் காட்டிய பெண்மணி, தாழ்வாரத்தில் நின்று, நீண்ட கோல் ஒன்றை மேலே உயர்த்தி, பலகையில் பழுப்பேறிக் கிடந்த கறை ஒன்றின் விளிம்பை மெல்லத் தொடர்ந்தார். முதலில் எனக்கு வெறும் கறைதான் தெரிந்தது. கோலின் நுனி தலை, தோள், மடங்கிய கால் என்று நகர நகர, படுத்துக் கிடக்கும் ஒரு மனிதர் அங்கே உருவானார். அதன்பிறகு அந்தப் பலகையை வெறும் பலகையாகப் பார்க்க என்னால் இயலவில்லை.

1600இல் தோக்குகாவா இயேயாசுவுக்காக ஃபுஷிமிக் கோட்டையைக் காத்து மாண்ட தொரீ மொத்தொதாதாவின் வீரர்கள் விழுந்து கிடந்த தரைப்பலகைகள் அவை; யாருடைய காலும் படக்கூடாது என்று விதானத்தில் பதித்தார்கள் என்பது கோயில் மரபு. ஏறத்தாழ நாற்பதாயிரம் பேர் கொண்ட படையை இரண்டாயிரம் பேருக்கும் குறைவானவர்கள் பத்து நாளுக்கு மேல் தடுத்து நிறுத்தினார்கள். பின்னாளில் ஷோகுன் (நாட்டை ஆண்ட படைத்தலைவர்) ஆன இயேயாசு, சிறுவயதில் இமாகாவா பிரபுவின் வீட்டில் பிணையாளாக இருந்த காலத்திலிருந்தே அவருடன் வளர்ந்தவர் மொத்தொதாதா. திரும்பி வரமாட்டோம் என்று தெரிந்தே அங்கே தங்கினார்.

எனக்கு இன்னும் விளங்காதது வேறு. யோகெனினை 1594இல் தன் தந்தை அசாய் நகமசாவுக்காக எழுப்பியவர் யோதொ அம்மையார். ஃபுஷிமியைத் தாக்கிய படை கிளம்பியதே அவருடைய மகன் ஹிதெயோரியின் பெயரால்தான். கோயில் எரிந்த பிறகு 1621இல் அதை மீண்டும் கட்டியவர், தோக்குகாவா வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட அவருடைய தங்கை ஓஎயோ. ஆக, அக்காள் எழுப்பிய கோயிலில், அக்காளின் தரப்பால் கொல்லப்பட்டவர்களின் பலகைகள் தலைக்கு மேல் நிற்கின்றன. தங்கை இதற்கு எப்படி மனம் ஒப்பினார் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

நெய்தல்மகள் எழுதியது:

வைகறை ஐயா, உங்கள் பதிவு என்னை தோக்கியோவின் செங்காகுஜி கோயிலுக்கு மீண்டும் கொண்டுபோய்விட்டது. தலைவரை இழந்த சாமுராய்களான நாற்பத்தேழு ரோனின்கள் அவருக்காகப் பழிவாங்கிய கதையை நான் திரும்பச் சொல்லத் தேவையில்லை. வாயிலில் ஊதுவத்திக் கட்டு வாங்கி, ஒவ்வொரு கல்லறையிலும் சிறிது வைத்துக்கொண்டு போவது அங்கே வழக்கம். எனக்கு முன்னால், அலுவலகத்திலிருந்து நேரே வந்தவர் போலக் கோட்டும் கைப்பெட்டியுமாக ஒருவர், எந்தக் கல்லையும் விடாமல் வைத்துக்கொண்டே சென்றார். ஓய்ஷி சிகாராவின் கல்லறைக்கு வந்ததும் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு நெடுநேரம் தலை வணங்கினார். சிகாரா மாண்டபோது அந்நாட்டுக் கணக்கில் வயது 16. அவருடன் அதே நாளில் மாண்ட ஹொரிபே யாஹெய்க்கு 77.

ஆனால் உங்கள் மொத்தொதாதாவையும் இவர்களையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் போர்க்களத்தில் தலைவரின் ஆணைப்படி நின்றவர். இவர்களுக்கு ஆணையிட யாருமில்லை. தலைவர் அசானோ 1701இலேயே செப்புக்கு (வயிற்றைக் கிழித்துக்கொண்டு மாளும் சடங்கு) செய்துகொள்ள நேர்ந்தது. இவர்கள் ஷோகுனின் சட்டத்தை மீறி, தலைவரின் பகைவரான அதிகாரி கிராவின் வீட்டுக்குள் இரவில் புகுந்து அவர் தலையைக் கொய்தார்கள். தலைவருக்குச் செய்த கடமை மெய்யானது, சட்டம் மீறப்பட்டதும் மெய்யானது என்ற சிக்கலில்தான் 1703இல் இவர்களைக் குற்றவாளிகளைப் போலக் கொல்லாமல் செப்புக்கு செய்ய விட்டார்கள். தலையைக் கழுவிய கிணறு இன்றும் கோயிலில் இருக்கிறது. அதன் அருகில் நிற்கும்போது எனக்கு வியப்பு வரவில்லை, பதினாறு வயதுப் பையன்தான் நினைவுக்கு வந்தான்.

கருங்காலி எழுதியது:

இருவருமே உயர்குடி வீரர்களின் மரணத்தையே பேசுகிறீர்கள் என்பதால் சற்று மறுத்துச் சொல்கிறேன். அந்த விதானப் பலகைகளில் விழுந்தவர்களில் பெயர் எழுதப்படாத காலாட்படையினரும் இருந்திருப்பார்கள். 1588இல் ஹிதெயோரியின் தந்தையான ஆட்சியாளர் ஹிதெயோஷி உழவர்களிடமிருந்து வாள்களைப் பறித்த பிறகே உழவனும் வீரனும் உறுதியாகப் பிரிந்தார்கள். அதற்குப் பின் தோக்குகாவா ஆட்சியின் நெடிய அமைதியில் பெரும்பாலான சாமுராய்கள் போரையே காணாமல், அரிசியாக அளக்கப்பட்ட ஊதியம் வாங்கிக் கணக்கெழுதி வாழ்ந்தார்கள்.

என் அனுபவம் சிறியது. மட்சுமோட்டோ கோட்டையின் துப்பாக்கித் துளை வழியாகக் கீழே பார்த்தேன். சிவப்பு மேலாடை அணிந்த ஒரு குழந்தை அந்தத் துளைக்குள் சரியாக அடங்கி நின்றது. உடனே கண்ணை எடுத்துவிட்டேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில சொல்கிறேன். பழைய கோபுரம் அப்படியே நிற்பவை பன்னிரண்டு கோட்டைகள் மட்டுமே. ஒசாகாவில் நீங்கள் ஏறுவது 1931இல் கான்கிரீட்டில் எழுப்பியது, ஆகவே அதை மட்டும் பார்த்துவிட்டுக் கோட்டையைப் பார்த்ததாக எண்ண வேண்டாம். மட்சுமோட்டோவில் காலணியைக் கழற்றிக் கையில் எடுத்துச் செல்ல வேண்டும். வழுவழுப்பான பலகையில் காலுறை வழுக்கும், எனவே அடிப்பகுதி பிடிமானமுள்ள உறையாக அணியுங்கள். படிகள் சில இடங்களில் 61 பாகை வரை செங்குத்தாக இருக்கின்றன. முழங்கால் வலி உள்ள பெரியவர்களை வற்புறுத்தி ஏற்ற வேண்டாம், அகழிக்கு வெளியே அமர்ந்து பார்ப்பதே அவர்களுக்கு நிறைவாக இருக்கும். காலையில் திறந்ததும் நுழைந்துவிடுங்கள், கூட்டம் சேர்ந்தால் படியில் இரு வழியும் அடைத்துக்கொள்ளும். சன்னல் இல்லாத மூன்றாம் தளத்தில் விரைந்து ஓடிவிடாதீர்கள். வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அந்தத் தளத்தின் இருட்டில் சற்று நின்றால்தான் கட்டியவர்களின் எண்ணம் புரியும். இரத்த விதானம் பார்க்க விரும்புவோர் கெங்கோ-ஆன், ஓஹராவின் ஹொசெனின் ஆகிய கோயில்களுக்கும் செல்லலாம். ஹொசெனினில் வயது முதிர்ந்த பைன் மரமும் இருப்பதால் அரை நாளாவது ஒதுக்குங்கள்.

செங்காந்தள் எழுதியது:

கருங்காலி அண்ணா, அமைதிக்காலத்துச் சாமுராய் கணக்கெழுதினார் என்பதோடு நிறுத்திவிட்டீர்கள். வைகறை ஐயா நின்ற யோகெனினுக்கு அருகிலேயே இருக்கும் சஞ்சுசங்கென்தோவுக்கு வாருங்கள். 1266இல் மீண்டும் கட்டப்பட்ட அந்த மண்டபம் ஏறத்தாழ 120 மீட்டர் நீளம். அதன் மேற்குத் தாழ்வாரத்தின் ஒரு முனையில் அமர்ந்து, இறவாரத்திலும் தூணிலும் படாமல் மறுமுனை வரை அம்பு விட வேண்டும் என்பதே அங்கே சாமுராய்கள் நடத்திய வில்போட்டி. 1686இல் கீஷூ ஆட்சிப் பகுதியின் வாசா தைஹாச்சிரோ ஒரு பகலும் ஓர் இரவும் 13,053 அம்புகள் விட்டு, 8,133ஐ மறுமுனை சேர்த்தார். அதாவது ஏழு நொடிக்குள் ஓர் அம்பு.

நான் பார்த்தது சனவரியில் நடக்கும் இன்றைய போட்டி. இருபது வயதை ஒட்டிய பெண்கள் ஹகாமாவும் (அகன்ற மடிப்புக் காலாடை) பூவேலை கிமோனோவும் அணிந்து, 60 மீட்டர் தொலைவில் உள்ள இலக்கை நோக்கி எய்கிறார்கள். ஒரு பெண்ணின் அம்பு தைத்ததும் கூட்டம் ஆர்ப்பரித்தது. அவள் முகம் அசையவே இல்லை. வில்லை இறக்கி, முறைப்படி பின்வாங்கி, வரிசைக்கு வெளியே வந்த பிறகுதான் தோழியின் கையைப் பற்றிக்கொண்டு அழுதாள். அந்தக் கட்டுப்பாட்டை அவளுக்கு யார், எத்தனை ஆண்டுகளாகச் சொல்லித் தந்தார்கள் என்று அறிய ஆவலாக இருக்கிறது.

வாசாவுக்கு முன் 1669இல் எண்ணிக்கையில் முந்தியிருந்தவர் ஓவாரி ஆட்சிப் பகுதியின் ஹொஷினோ கன்சாயெமொன், அவருடையது 8,000. ஓவாரி, கீஷூ இரண்டுமே தோக்குகாவா குடும்பத்தின் கிளைகள். போர் இல்லாத காலத்தில் அந்த வீடுகள் தங்கள் பெருமையை இந்தத் தாழ்வாரத்தில்தான் மோதவிட்டன, கணக்குப் புத்தகத்தில் அல்ல.