புதுப்பிப்பு: மழை பெய்தால் ஆர்சிசிபி ட்ரிப் ஆனது, இப்போது சரியாகிவிட்டது

பின்கட்டில் சன்ஷேடுக்குக் கீழே வாஷிங் மெஷின் பாயின்ட். மழை பெய்தாலே 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) ட்ரிப் ஆகிறது, அதாவது தானாக அணைந்துவிடுகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். உதவிய எல்லாருக்கும் நன்றி.

"மேலே கூரை இருந்தாலும் சாரல் அடிக்கும் இடம் ஈரமான இடம்தான்" என்று ஒருவர் சொன்னதே சரி. பிளக் செருகியபடியே மூடி சாத்தும் ஐபி 55 (தூசியையும் பீய்ச்சும் தண்ணீரையும் தாங்கும் தரம்) பெட்டி போட்டோம்.

எதிர்பாராதது இதுதான்: பழைய பெட்டியைக் கழற்றியதும் மேலே வயர் வரும் பைப்பின் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் தொங்கிக்கொண்டிருந்தது, நியூட்ரல் வயரின் முனை பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. மொட்டை மாடியில் அந்த பைப்பின் மறுமுனை திறந்தே கிடந்திருக்கிறது! பெட்டியை மட்டும் மாற்றியிருந்தால் பயனே இருந்திருக்காது. எலக்ட்ரீஷியன் அண்ணன் அதை அடைத்து, வயரைக் கீழ்ப்பக்கமாக நுழைத்து, முனையை வெட்டிப் புதிதாக முடுக்கினார். அதன்பின் மூன்று கனமழை, ஒருமுறைகூட ட்ரிப் ஆகவில்லை. ஆர்சிசிபி வேலை செய்கிறதா என்று அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் உடனே ட்ரிப் ஆகிறது.